ஜோதி மிஸ்ஸின் முதல் வார்த்தை

பாலக்கரையில் ஜோதி மிஸ் டியூஷனுக்கு வழி கேட்டால் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல வாங்க, காதே கூட்டிட்டுப் போயிடும்" என்பார்கள். அது ஒன்றும் பொய்யில்லை. ஐந்து அடித்ததும் அந்தக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியிலிருந்து பதினான்கு பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிப்பார்கள். தெருமுனை டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவருக்கே பதினாறாம் வாய்ப்பாடு மனப்பாடம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜோதியின் கல்விக் கொள்கை முழுவதும் ஒரே வார்த்தையில் அடங்கிவிடும். "சத்தமா!" பிள்ளை முணுமுணுத்தால் சத்தமா. தப்பாகச் சொன்னால் இன்னும் சத்தமா. சரியாகச் சொல்லிவிட்டாலோ, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் சத்தமா. வாயில் ஏறியது மண்டையில் ஏறும் என்பது அவள் நம்பிக்கை. அப்படித்தான் அவள் படித்தாள், அப்படித்தான் பி.எட். முடித்தாள், அப்படித்தான் ஒன்பது வருடமாகப் பாலக்கரைப் பிள்ளைகளைப் பாஸாக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். கீழ்வீட்டு அருள்நாதன் சார் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்திரண்டு வருடம் இரும்புச் சத்தத்துக்கு நடுவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரே மாதம் ஒருமுறை படியில் நின்று, "பொன்மலையே தேவலாம் டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். ஜோதி அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வாள்.

இந்தக் கொள்கை ஒரே ஒரு ஆளிடம் மட்டும் பலிக்கவில்லை. அந்த ஆள் அவளுடைய சொந்த மகள். கனிஷ்கா, ஐந்தாம் வகுப்பு, பத்து வயது. உட்கார் என்றால் உட்காருவாள், ஆனால் உடம்பில் ஏதாவது ஒரு பாகம் எழுந்து நிற்கும். கால் ஆடும், இல்லாவிட்டால் விரல் காற்றில் எதையாவது வரையும். நான்கு வரி படிப்பதற்குள் நாற்பது தடவை நிமிர்வாள். ஆனால் வீட்டில் எந்தப் பொருள் எங்கே கிடக்கிறது என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்தை வைத்தே அவருக்குக் கோபமா பசியா என்று சொல்லிவிடுவாள். இதற்கெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் மார்க் போடுகிறார்கள்? காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், கணக்குக்குப் பேர்போன பள்ளியாகப் பார்த்துத்தான் ஜோதி அவளைச் சேர்த்திருந்தாள். கனிஷ்கா தினமும் பஸ்ஸில் ஆற்றைத் தாண்டிப் போனாள், ஆற்றைத் தாண்டித் திரும்பி வந்தாள். கணக்கு மட்டும் அந்தக் கரையிலேயே தங்கிவிட்டது.

செப்டம்பர் மாதம் ஒரு தேர்வுத் தாள் வந்தது. கணக்கில் ஐம்பதுக்குப் பதினொன்று. படியேறி வந்த கனிஷ்காவைப் பார்த்து அருள்நாதன் சார், "எவ்ளோ பாப்பா?" என்று கேட்டார். அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது, தாளை விரித்தே காட்டிவிட்டாள்.

"வாத்தியார் புள்ள மக்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தார் அவர். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பழமொழி வாயில் வந்துவிட்டால் அடக்கத் தெரியாத மனிதர், அவ்வளவுதான். ஆனால் மேல்படியில் நின்ற ஜோதியின் காதில் அது விழுந்து, அப்படியே உள்ளே இறங்கிவிட்டது.

அன்று சாயந்திரம் மற்றப் பதிமூன்று பிள்ளைகள் முன்னால் மகளை எழுப்பி நிறுத்தினாள்.

"ஏழெட்டு?"

கனிஷ்கா கூரையைப் பார்த்தாள். "ஐம்பத்தி... ரெண்டு?"

"சத்தமா!"

"ஐம்பத்தி நாலு!" சத்தம் வந்தது, விடை வரவில்லை.

"ஏழெட்டு?"

கனிஷ்காவின் கால் மட்டும் தரையில் எதையோ தேடியது.

"மக்கு!" என்று கத்தினாள் ஜோதி. "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் வருது, உனக்கு மட்டும் வராதா? மக்கு! மக்—"

அத்தோடு குரல் போயிற்று. வாய் திறந்திருக்கிறது, கை நீட்டியிருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அந்த ஹாலில் மின்விசிறி சுற்றுகிற ஓசை கேட்டது. கனிஷ்கா அழவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் கால்கூட ஆடவில்லை.

மறுநாள் தில்லை நகரில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மா சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். "கத்திக் கத்தி குரல் நாண்ல காய்ப்பு விழுந்திருக்கு. மண்வெட்டி பிடிக்கிறவங்க கையில காய்க்கும் பாருங்க, அந்த மாதிரி. நல்லவேளை, ஆபரேஷன் வேண்டாம். பத்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது."

ரகசியமாகவாவது பேசலாமா என்று கேட்க ஜோதி உதட்டைக் குவித்தாள்.

"கிசுகிசுன்னும் பேசக்கூடாது. அது இன்னும் கெடுதல்."

ஜோதி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பத்து நாள் முடிகிற அன்றைக்குத்தான் கனிஷ்காவுக்குக் காலாண்டுக் கணக்குப் பரீட்சை. ஆனால் அவளை அரித்தது பரீட்சை இல்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். சாதாரண ஆளாக இருந்தால் கொட்டிய சொல்லின் மேல் நாலு நல்ல சொல்லையாவது அள்ளிப் போடலாம். இவளுக்கு அதற்கும் வழியில்லை. கடைசியாகச் சொன்ன வார்த்தை 'மக்கு'. அடுத்த வார்த்தை பத்து நாள் கழித்து. நடுவில் அந்த ஒரே வார்த்தை வீட்டுக்குள் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றே ஒரு முழுப் பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி மகளிடம் நீட்டினாள். கனிஷ்கா முதல் வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். பிறகு மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துவிட்டாள். "அப்புறம் படிக்கிறேம்மா" என்றாள். எழுத்தோடு தினமும் சண்டை போடுகிறவளிடம் சமாதானத்தையும் எழுத்தாகவே நீட்டினால் வேறென்ன செய்வாள்?

டியூஷனை மூட முடியவில்லை. பரீட்சை நேரம், பெற்றோர்கள் கெஞ்சினார்கள். ஜோதி பலகையில் 'ஏழாம் வாய்ப்பாடு. சத்தமாக' என்று எழுதிவிட்டு நின்றாள். பிள்ளைகள் ஆரம்பித்தார்கள். மூன்றாவது வரியில் பாதிப் பேர் நின்றார்கள், ஐந்தாவது வரியில் எல்லோரும் நின்றார்கள். இத்தனை நாளும் அந்தத் தேரை இழுத்தது ஜோதியின் குரல்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவரின் மகன் இளவரசனைத் தனியாகச் சொல்லும்படி கை காட்டினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு வருடமாக அவன் வெறும் உதட்டை மட்டும்தான் அசைத்துக்கொண்டிருந்திருக்கிறான்!

ஜோதிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பலகையில் ஒரு கணக்கைப் போட்டு, இதை முதலில் செய்யுங்கள், அதை அப்புறம் செய்யுங்கள் என்று கைகளை வீசிக் காட்டினாள். பதிமூன்று பேரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"மொதல்ல அடைப்புக்குள்ள இருக்கிறதைக் கூட்டணுமாம். அப்புறம்தான் பெருக்கணுமாம்" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். "அவசரப்படாதீங்கங்கிறாங்க. இளவரசா, உன்னைத்தான்."

ஜோதி திரும்பிப் பார்த்தாள். அவள் சொல்ல நினைத்தது அச்சு அசலாக அதுதான். கனிஷ்கா புத்தகத்தைப் பார்க்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை. அம்மாவின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கனிஷ்காவின் அப்பா பீமராவுக்குக் கைலாசபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. கிரேனுக்குக் கீழே நின்று, மேலே உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டருக்குக் கைச் சைகை காட்டுகிறவர். அந்த ஷெட்டில் காது கேட்காது, கைதான் பேச வேண்டும். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. ஒரு கையை இன்னொரு கைக்கு மேலே அசையாமல் பிடித்தால் மெதுவா. இரண்டு கைகளையும் கோத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டால் எல்லாம் அப்படியே இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் அப்பாவும் மகளும் இந்தப் பாஷையில்தான் ரகசியம் பேசுவார்கள். இன்னொரு தோசை வேண்டும் என்றால் தூக்கு. அம்மா கோபமாக வருகிறாள் என்றால் மெதுவா. ஜோதி அதை இத்தனை நாளும் சேஷ்டை என்று நினைத்து மகளின் தலையில் குட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து கனிஷ்கா அம்மாவின் வாயானாள். அம்மா கையால் சொல்வாள், மகள் உடம்பால் நடித்துக் காட்டுவாள். வகுத்தலில் மீதி என்றால் என்ன என்று யாருக்கும் விளங்காத அன்று, பதிமூன்று பேரையும் எழுப்பிவிட்டு, தன்னையும் சேர்த்துக்கொண்டு, "நாலு நாலு பேரா நில்லுங்க" என்றாள். மூன்று கூட்டம் நின்றது, இரண்டு பேர் தனியாக நின்றார்கள். "நீங்க ரெண்டு பேரும் மீதி. போய் வெளிய மாடிப்படியில நில்லுங்க." மீதியாகிவிடக் கூடாது என்று ஒவ்வொருவரும் ஓடிய ஓட்டத்தில் ஹால் அதிர்ந்தது. அடுத்த முறை ஐந்து ஐந்து பேராக நிற்கச் சொன்னால் யார் வெளியே போவது என்று ஓடுவதற்கு முன்பே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பேச முடியாதவளுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைத்தது. இத்தனை நாளும் கூட்டுக் குரலுக்குள் ஒளிந்திருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். இளவரசனிடம் எண்ணைக் கொடுத்தால் விழிப்பான், அதையே வெங்காயமாக்கிக் கொடுத்தால் எடைக்கல் இல்லாமலே கணக்குத் தீர்ப்பான். சம்ரீன் எந்தக் கணக்கையும் படமாக வரைந்து பார்த்த பிறகுதான் தொடுவாள், வரைய விட்டால் தப்பே வராது. தஹ்ஸீன் பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தானே புரிந்துகொள்வாள். அதைப் பேச்சு என்று நினைத்து எத்தனை முறை தனியாக உட்கார வைத்திருக்கிறோம் என்று எண்ணி ஜோதி கூசிப்போனாள். வாயால் சொல்லிச் சொல்லிப் படிக்கிற பிள்ளைகளும் நாலு பேர் இருந்தார்கள். அவர்களைப் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

நான்காம் நாள் அருள்நாதன் சார் மேலே ஏறி வந்தார். "டீச்சரம்மா, ஒரு விண்ணப்பம். உங்க பதிமூணாம் வாய்ப்பாடு கேட்டாத்தான் எனக்கு பிரஷர் மாத்திரை ஞாபகம் வரும். மூணு நாளா மாத்திரையை விட்டுட்டேன். இப்ப வாய்ப்பாடும் இல்ல, மேல திமுதிமுன்னு யாரோ ஓடுறாங்க. என்னதான் நடக்குது?"

கனிஷ்கா விளக்கினாள். குரல் எப்போது போனது, எந்த வார்த்தையில் போனது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். தன் பழமொழி எங்கே போய் முடிந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு, "தப்பு பண்ணிட்டேன் பாப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று முதல் ஐந்து மணிக்குக் கனிஷ்கா கீழே ஓடிப் போய் அவருக்கு மாத்திரையை ஞாபகப்படுத்துவது வழக்கமாயிற்று.

அன்று சாப்பிடும்போது ஜோதி கணவனிடம் ஒரு சீட்டு நீட்டினாள். 'உங்க சைகையில் மன்னிப்புக்கு எப்படிக் காட்டுவது?'

பீமராவ் யோசித்தார். "கிரேன்ல மன்னிப்புக்கு சிக்னல் கிடையாது ஜோதி. பாரம் கோணலா தூக்கிட்டா கீழ இறக்கணும். பெல்ட்டைச் சரி பண்ணி மறுபடி தூக்கணும். எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்."

ஜோதி கையைக் கழுவிக்கொண்டு வந்து மகள் முன்னால் உட்கார்ந்தாள். சுட்டுவிரலைக் கீழே காட்டிச் சுழற்றினாள். பிறகு மேலே காட்டிச் சுழற்றினாள். இறக்கு. மறுபடி தூக்கு.

கனிஷ்கா அம்மாவையே பார்த்தாள். புரிந்துவிட்டது என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. ஆனாலும் ஒரு கையை இன்னொரு கைக்கு மேலே அசையாமல் பிடித்துக் காட்டிவிட்டுத் தோசையைப் பிய்த்தாள். மெதுவா.

ஏழாம் நாள் பள்ளி விடுமுறை. கீழே குழாயடியில் துவைத்த துணியைக் காயப்போட மொட்டை மாடிக்குப் போகும் வழியில் மகள் படியேறுவதை ஜோதி பின்னாலிருந்து பார்த்தாள். கனிஷ்கா ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குதி குதித்து ஏதோ முணுமுணுத்தாள். எட்டு. பதினாறு. அருள்நாதன் சார் வீட்டு வாசலைத் தாண்டித் திரும்பினால் இருபத்து நான்கு. தங்கள் வீட்டு வாசல் முப்பத்திரண்டு. மொட்டை மாடிக் கதவு நாற்பத்தெட்டு. ஜோதி கூடையை இறக்கி வைத்துவிட்டு, வந்த வழியே ஓடிப் போய் எண்ணிப் பார்த்தாள். திருப்பத்துக்குத் திருப்பம் எட்டே எட்டுப் படி!

மூச்சு வாங்க ஏறி வந்து மகளிடம் விரலால் கேட்டாள். மூன்று எட்டு? "இருபத்தி நாலு. அருள்நாதன் தாத்தாவுக்கு மேல் திருப்பம்." ஐந்து எட்டு? "நாப்பது. மொட்டை மாடிக்குக் கீழ, உடைஞ்ச சைக்கிள் நிக்கிற எடம்." பட்டுப் பட்டென்று விடை வந்தது. ஏழு எட்டு?

கனிஷ்கா தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்தாள். தொட்டிக்குப் போக ஓர் இரும்பு ஏணி உண்டு. "அதுல ஏறினா காலை உடைப்பேன்னு சொல்லியிருக்கியேம்மா. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

ஜோதி ஏணியின் கம்பிகளை எண்ணினாள். எட்டு. என் பிள்ளைக்கு எட்டாம் வாய்ப்பாடு ஆறோடு நின்று போனது கட்டிடம் அங்கே முடிந்துவிடுவதால்தானா? ஜோதிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சத்தமில்லாமல் இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளை முன்னால் ஏறவிட்டு, பின்னாலேயே அவளை அணைத்தபடி தானும் ஏறினாள். கனிஷ்கா ஒவ்வொரு கம்பிக்கும் எண்ணினாள். நாற்பத்தொன்பது, ஐம்பது என்று போய், கடைசிக் கம்பியில் கால் வைத்ததும் பாலக்கரை முழுவதும் கேட்கிற மாதிரி கத்தினாள். "ஏழெட்டு ஐம்பத்தாறு!"

யாரும் அவளைப் பார்த்துச் சத்தமா என்று சொல்லவில்லை.

தொட்டியின் மேல் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. தூரத்தில் மலைக்கோட்டை தெரிந்தது. கனிஷ்கா அதைக் கை காட்டி, "மிச்ச எட்டெல்லாம் அங்க இருக்கு. அங்கதான் நிறையப் படி" என்றாள். பிறகு அம்மாவைப் பார்க்காமலே கேட்டாள். "அன்னைக்குச் சொன்னியே, அது நெஜமாம்மா?"

ஜோதி தலையை இப்படியும் அப்படியும் வேகவேகமாக ஆட்டினாள். இல்லை, இல்லவே இல்லை.

"தலைய ஆட்டினா செல்லாதும்மா" என்றாள் கனிஷ்கா. அவள் குரலில் கோபம் இல்லை. விளையாட்டில் விதியைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "எல்லார் முன்னாடியும் வாயால சொன்ன. வாயாலதான் மாத்தணும்."

நியாயம்தானே? இன்னும் மூன்று நாள் இருந்தது. ஜோதி அந்த மூன்று நாளையும் தொண்டைக்குள் ஒரு வார்த்தையைப் பொத்தி வைத்துக்கொண்டு கழித்தாள்.

டியூஷனில் இதற்குள் ஒரு பந்தயம் களை கட்டியிருந்தது. பத்து நாள் முடிந்து மிஸ் பேசப்போகிற முதல் வார்த்தை என்ன? பன்னிரண்டு பேர் 'சத்தமா' என்று ஆளுக்கொரு ரப்பர் கட்டினார்கள். தஹ்ஸீன் 'உட்காரு' என்றாள். அருள்நாதன் சாரும் விடவில்லை, 'படி' என்று சொல்லி ஒரு புதுப் பென்சில் பெட்டியே கட்டினார். கனிஷ்கா மட்டும் எதுவும் கட்டவில்லை.

பத்தாம் நாள் காலையில் கனிஷ்கா பரீட்சைக்குப் போனாள். ஜோதி தில்லை நகருக்குப் போனாள். டாக்டரம்மா கேமராவை விட்டுப் பார்த்து, "அருமை! காய்ப்பு வத்திடுச்சு. எங்க, ஈ... ன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

ஜோதி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. ஈ... சொல்லுங்க."

ஜோதி பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள். 'முதல் வார்த்தையை ஒருவருக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன் மேடம். அவளிடம் சொல்லிவிட்டு அப்புறம் உங்களுக்கு எத்தனை ஈ வேண்டுமானாலும் சொல்கிறேன்.'

டாக்டரம்மா இருபது வருடத்தில் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை. சிரித்துவிட்டு, "சரி போங்க. மெதுவாப் பேசலாம். கத்தக் கூடாது. கத்தினீங்கன்னா மறுபடி பத்து நாள், சொல்லிட்டேன்" என்றார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தாள். கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கும் வாய் திறக்கவில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள். அவர் பாவம், ஊமை என்று நினைத்து உட்கார இடம் வாங்கிக் கொடுத்தார். பாலத்தின் மேல் பஸ் போகும்போது காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜோதி உதட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தாள். பத்து நாள் ஓடாத குரல், இப்போது வருமா வராதா என்பதே அவளுக்கு நிச்சயமில்லை.

பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். மணி அடித்து, பிள்ளைகள் தாளும் கையுமாக ஓடி வந்து விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கனிஷ்கா கடைசியாக வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இன்றைக்கு எந்த நாள் என்று அவளுக்குத் தெரியும்.

பரீட்சை எப்படி எழுதினாய் என்று ஜோதி கேட்கவில்லை. குனிந்து மகளின் இரண்டு தோளையும் பிடித்தாள். குரல் முதலில் கரகரவென்று வந்தது, பிறகு நூல் மாதிரி மெலிதாக நின்றது.

"நீ மக்கு இல்ல கண்ணு. நான் சொன்னது தப்பு. நீ கெட்டிக்காரி."

கனிஷ்காவின் கண் நிறைந்தது. உதடு கோணிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் யார் மகள்? கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஒரு காதின் பின்னால் கையை வைத்துக்கொண்டாள், தலையைச் சாய்த்தாள்.

"கேக்கலம்மா. சத்தமா!"

டாக்டரம்மாவின் முகம் ஜோதியின் கண் முன்னால் வந்தது. மறுபடி பத்து நாள். வந்தால் வரட்டும் என்று நிமிர்ந்து நின்றாள். ஒன்பது வருடம் பாலக்கரையை அதிர வைத்த குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"எம்பொண்ணு கெட்டிக்காரி! அவளைப் போய் மக்குன்னு சொன்னேனே, நாந்தான் மக்கு! நாந்தான் மக்—"

எந்த இடத்தில் போனதோ அதே இடத்தில் குரல் மறுபடியும் போயிற்று. வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள். கனிஷ்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே அழுதாள். அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு விலகி நின்று, இரண்டு கைகளையும் கோத்து வயிற்றின் மேல் வைத்துக் காட்டினாள். எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

மார்க் என்ன என்று கேட்காமல் போக மாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஐம்பதுக்கு இருபத்தொன்பது. வகுத்தல் இன்னும் அவளிடம் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஏழெட்டு அந்தத் தாளில் வரவே இல்லை.

சாயந்திரம் இருவரும் வீடு திரும்பியபோது அருள்நாதன் சார் பென்சில் பெட்டியோடு முதல் திருப்பத்திலேயே காத்துக்கொண்டிருந்தார். "சொல்லு பாப்பா, யாரு ஜெயிச்சது? மொத வார்த்தை என்ன?"

"யாரும் ஜெயிக்கல தாத்தா. அது எனக்குச் சொன்னது" என்றாள் கனிஷ்கா. "அம்மாவுக்குத் திரும்பவும் பத்து நாள் பேச்சு கிடையாது."

"அடடா! அப்போ டியூஷன்?"

"நல்லா நடக்கும். நீங்க மாத்திரை போட்டாச்சா?"

மேலே பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஜோதி சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினாள். கனிஷ்கா படிகளில் தாவி ஓடினாள். பதினாறு, இருபத்து நான்கு, முப்பத்திரண்டு என்று அவள் எண்ணிக்கொண்டே போவது கீழே வரைக்கும் கேட்டது.